எங்கள் வீட்டில் எல்லோரும் கோவிட் ஊசி போட்டுக்கொண்ட கதை

கோவிட் அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்துவிட்டது, இனி எதற்கு இந்தக் கதை என்று கேட்பீர்கள். வருடா வருடம் ஃப்ளூ ஊசி, வயதானவர்களுக்கு நிமோனியா ஊசி என்று பேச்சு வரும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் என்னிடம் அதே பழைய கேள்விகளைக் கேட்கிறார்கள். 2021-இல் வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு அலைந்தது நான்தான் என்று அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸப்பில் பேசி அனுப்பி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, நர்ஸும் இல்லை. எங்கள் மருத்துவர்கள் சொன்னது, பிறகு நான் தேடிப் படித்தது, கண்ணால் பார்த்தது, அவ்வளவுதான் இதில் இருக்கிறது.

எங்கள் வீட்டு நிலவரம் இது. அம்மாவுக்கு இதயத்தில் செயற்கை வால்வு, அதனால் வாழ்நாள் முழுக்க, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை. தம்பிக்கு ஊசியைக் கண்டாலே மயக்கம் வரும். நாத்தனாருக்குக் கைக்குழந்தை. மாமியார் போட்டுக்கொள்ளவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரருக்கு எதற்கும் காரணம் தெரிந்தாக வேண்டும். பெரியக்கா வேறு நாட்டில் இருக்கிறாள், அவளுக்குப் போட்டது எம்ஆர்என்ஏ ஊசி (வைரஸின் ஒரு புரதத்தைச் செய்யும் குறிப்பை மட்டும் உடம்புக்குக் கொடுக்கும் வகை, ஃபைசர், மாடர்னா மாதிரி). எங்களுக்கெல்லாம் ஆஸ்ட்ராஜெனிகா (இந்தியாவில் கோவிஷீல்டு என்ற பெயரில் வந்தது). "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று எல்லோரும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் வீட்டில் அந்த வார்த்தை ஒருவருக்கும் உதவவில்லை. ஏனென்றால் ஒவ்வொருவரும் பயந்தது வேறு வேறு விஷயத்துக்கு.

அம்மாவில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்றைக்கும் எந்த ஊசி என்றாலும் தயங்குகிறார்கள். மையத்தில் முதல் மேசையில் ஒரு படிவம் கொடுத்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்று டிக் அடித்ததும், அங்கே இருந்தவர் "அப்போ உங்களுக்குப் போட முடியாதும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் கையில் இருந்த தாளில் அந்தக் கேள்விக்கு எதிரே என்ன செய்யவேண்டும் என்று தெளிவாக எதுவும் இல்லை, பின்னால் நீண்ட வரிசை வேறு. ஆனால் அம்மா அன்று வீட்டுக்கு வந்ததும் செய்யப் பார்த்த காரியம்தான் என்னை நடுங்க வைத்தது. மாத்திரையை இரண்டு நாள் நிறுத்திவிட்டுப் போனால் போட்டுவிடுவார்கள் இல்லையா என்றார்.

தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். செயற்கை வால்வு உள்ளவர் வார்ஃபரினைத் தானாக நிறுத்தினால் வால்வில் ரத்தக்கட்டி உருவாகி அது மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம், ஊசியை விட அது எத்தனையோ மடங்கு ஆபத்து. இதய மருத்துவரிடம் போனில் பேசினோம், விஷயம் ரொம்ப எளிதாக இருந்தது. தடுப்பூசி மருந்துக்கும் வார்ஃபரினுக்கும் சண்டை எதுவும் இல்லை. ஊசி தசைக்குள் இறங்குவதால், ரத்தம் மெதுவாக உறைகிறவர்களுக்கு அந்த இடத்தில் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து வீங்கலாம் என்பதுதான் கவலை. அதற்கு, ஐஎன்ஆர் பரிசோதனை (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது) தவணைப்படி எடுத்து, கடைசி அளவு வரம்புக்குள் இருக்கவேண்டும். மெல்லிய ஊசியால் போடவேண்டும், 23 கேஜ் அல்லது அதைவிட மெல்லியது. போட்ட இடத்தைக் குறைந்தது 2 நிமிடம் நன்றாக அழுத்திப் பிடிக்கவேண்டும், தேய்க்கவே கூடாது. மாத்திரை வழக்கம்போல. இதைத்தான் வாயால் சொல்லாமல் லெட்டர்ஹெட்டில் நாலு வரி எழுதித் தரும்படி கேட்டு வாங்கினேன். அடுத்த முறை அந்தக் காகிதத்தையும் ஐஎன்ஆர் ரிப்போர்ட்டையும் நீட்டியதும் ஒரு கேள்வியும் வரவில்லை. நாள்பட்ட மருந்து சாப்பிடுகிற யாரைக் கூட்டிப் போனாலும் கையில் எழுத்தில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள், மேசையில் இருப்பவருக்கு உங்கள் மருத்துவர் போனில் சொன்னது செல்லாது.

இன்னொன்றும் அந்த மருத்துவர் சொன்னார். காய்ச்சலுக்கு ஒன்றிரண்டு பாராசிட்டமால் பரவாயில்லை, ஆனால் நாள் கணக்கில் தொடர்ந்து சாப்பிட்டால் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ஐஎன்ஆர் ஏறலாம், அப்படித் தேவைப்பட்டால் தன்னிடம் சொல்லவேண்டும் என்று. அம்மாவுக்குத் தேவைப்படவே இல்லை. வயதானவர்களுக்குப் பொதுவாகக் காய்ச்சலும் உடம்புவலியும் இளையவர்களை விடக் குறைவாகத்தான் வரும். அதற்கும் ஒரு சந்தேகம் வந்தது அம்மாவுக்கு, காய்ச்சலே வரலையே, தண்ணியைப் போட்டு அனுப்பிட்டாங்களா என்று! காய்ச்சல் வராவிட்டாலும் எதிர்ப்புசக்தி வரும்.

தம்பி விஷயத்துக்கு வருவோம். தாடி வைத்த ஆள், பைக்கில் எங்கெங்கோ போகிறவன், ஆனால் ரத்தப் பரிசோதனைக்குப் போனால் தரையில் கிடப்பான். பயமே இல்லக்கா, உடம்பு தானா அப்படிப் பண்ணுது என்பான். அவன் சொல்வது உண்மைதான் என்று பிறகு படித்தபோது தெரிந்தது. மற்றப் பயங்களில் இதயம் படபடத்து ரத்த அழுத்தம் ஏறும், மயக்கம் வராது. ரத்தம், ஊசி சம்பந்தப்பட்ட பயத்தில் மட்டும் முதலில் கொஞ்சம் ஏறிவிட்டு, சட்டென்று நாடித்துடிப்பும் அழுத்தமும் இறங்கிவிடும், மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து ஆள் விழுந்துவிடுவார். ஆகவே "மூச்சை நல்லா இழுத்துவிடு, உடம்பைத் தளர்த்திக்கோ" என்று சொல்வது இவர்களுக்கு எதிர்மாறாக வேலை செய்யும். இவர்கள் செய்யவேண்டியது உடம்பை இறுக்குவது. லார்ஸ்-யோரான் ஓஸ்ட் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் 1980-களில் உருவாக்கிய முறை இது. கால், தொடை, வயிறு, ஊசி போடாத கை என்று எல்லாவற்றையும் ஒரு 10-15 நொடி முறுக்கிப் பிடிக்கவேண்டும், முகம் சூடாவது தெரியும், பிறகு பாதி தளர்த்தி அரை நிமிடம் விட்டு மறுபடி. ஊசி இறங்கும் கை மட்டும் தொங்கவிட்ட மாதிரி தளர்வாக இருக்கட்டும், இல்லையென்றால் வலிக்கும். தம்பி வீட்டில் பழகிக்கொண்டு போனான்.

அதைவிட முக்கியமாக, மையத்துக்குள் நுழைந்ததும் சொல்லிவிட்டோம், இவனுக்கு மயக்கம் வரும், படுக்க வைத்துப் போடுங்கள் என்று. அவனுக்குக் கூச்சம். சுற்றிலும் எழுபது வயதுப் பாட்டிகள் கெத்தாக நின்று போட்டுக்கொண்டிருக்கும்போது இவன் பெஞ்சில் மல்லாந்து படுக்கவேண்டும். ஆனால் அங்கிருந்த நர்ஸக்கா, தினம் இந்த மாதிரி நாலு பேர் வருவாங்க, முன்னாடியே சொல்றவங்களாலதான் எங்களுக்கு நிம்மதி என்றார். படுத்துப் போட்டுக்கொண்டான், கொஞ்சம் வியர்த்தது, பத்து நிமிடம் கழித்து எழுந்தான், விழவில்லை. முன்பே சொல்லவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊசி போட்டதும் ஒருவர் விழுந்தால் அது வெறும் மயக்கமா, ஒவ்வாமையா என்று அந்தப் பரபரப்பில் குழப்பம் வரும். ஒவ்வாமை என்று சீட்டில் எழுதிவிட்டால் அடுத்த டோஸுக்குச் சிக்கல். மயக்கத்தில் முகம் வெளுக்கும், வியர்க்கும், நாடி மெதுவாகும், படுக்க வைத்ததும் தெளியும். கடுமையான ஒவ்வாமையில் தோலில் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், மூச்சுத்திணறல், நாடி வேகம் என்று வரும், அதற்கு உடனே தொடையில் அட்ரினலின் போடவேண்டும். அப்படி வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே வந்துவிடும் என்பதால்தான் 15 நிமிடம் உட்கார வைத்தார்கள், முன்பு கடும் ஒவ்வாமை வந்தவர்களை 30 நிமிடம். பலர் கையில் சீட்டு வந்ததும் நைசாகக் கிளம்பிவிடுவார்கள். எனக்குப் புரியவே இல்லை, இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் கால் மணி நேரம்தான் பாரமா?

வீட்டுக்காரரின் கேள்வி, இவ்வளவு சீக்கிரம் எப்படிச் செய்தார்கள் என்பது. பலருக்கும் இருந்த கேள்விதான், நியாயமான கேள்வி. வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரியில் வெளியானது, அதே வருடம் டிசம்பர் 8 அன்று இங்கிலாந்தில் 90 வயது மார்கரெட் கீனனுக்கு முதல் ஊசி போட்டுவிட்டார்கள். பத்து வருடம் ஆகும் வேலை பதினோரு மாதத்தில் எப்படி? பின்னணியைப் பார்த்தால் பதினோரு மாதம் இல்லை. எம்ஆர்என்ஏவை உடம்பு எதிரியாகப் பார்த்து அலறாமல் செய்யும் வழியைக் காத்தலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-லேயே வெளியிட்டிருந்தார்கள், அதற்குத்தான் 2023-இல் நோபல் பரிசும் கிடைத்தது. சார்ஸ், மெர்ஸ் என்ற முந்தைய கொரோனா நோய்கள் வந்தபோது, கொரோனா வைரஸின் மேல் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தைப் பற்றிய ஆராய்ச்சி நடந்திருந்தது. ஆஸ்ட்ராஜெனிகா ஊசியை உருவாக்கிய ஆக்ஸ்ஃபோர்டு குழு, சிம்பன்சியிடமிருந்து எடுத்த, பெருக முடியாதபடி மாற்றிய அடினோவைரஸ் என்ற வைரஸை வாகனமாக வைத்து ஏற்கெனவே மெர்ஸுக்கு ஊசி செய்துகொண்டிருந்தது. ஒரு கட்டப் பரிசோதனை முடிந்து பணத்துக்காகக் காத்திருந்து அடுத்த கட்டம் என்று போகாமல் கட்டங்களை ஒன்றின் மேல் ஒன்றாக நடத்தினார்கள், அனுமதி கிடைக்குமா என்று தெரியாமலே தயாரிப்பையும் தொடங்கினார்கள். நோய் எங்கும் பரவிக்கிடந்ததால் ஊசி போட்டவர், போடாதவர் வித்தியாசம் சீக்கிரமே தெரிந்தது. இவ்வளவையும் படித்துவிட்டு அவர் சரி என்றார். அவருக்கு இந்த மாதிரி விளக்கம் வேலை செய்தது. அதே விளக்கத்தை மாமியாரிடம் அவரே போய்ச் சொன்னபோது, அவர் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

மாமியாரிடம் எல்லோரும் எல்லா விதமாகவும் பேசிப் பார்த்தார்கள். தெரிந்தவர் ஒருவர் ஊசி போட்டு சில நாளில் மாரடைப்பில் போய்விட்டார் என்று அத்தை சொல்வார். அதற்கு என் பதில் தயாராக இருந்தது. கோடிக்கணக்கான வயதானவர்களுக்குச் சில மாதங்களில் ஊசி போடும்போது, ஊசியே இல்லாவிட்டாலும் அந்த வயதில் ஒவ்வொரு வாரமும் இத்தனை பேருக்கு மாரடைப்பு வரும், அதில் சிலருக்கு முந்தின வாரம்தான் ஊசி போட்டிருப்பார்கள், ஆகவே வழக்கமான எண்ணிக்கையை விடக் கூடியிருக்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும். சரியான வாதம். ஆனால் செத்தவர் அத்தைக்குத் தெரிந்தவர், வீட்டுக்கு வந்து போனவர். அவரை எண்ணிக்கையாக்கிப் பேசினால் அத்தை என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார். அதனால் அந்த வாதத்தைச் சொல்லவே இல்லை.

ஒரு நாள் மத்தியானம் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது, ஊசி போட்டா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க அத்தை என்று சும்மா கேட்டேன். போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "ஊசிக்கு நான் பயப்படலம்மா. காய்ச்சல் வரும்னு சொல்றாங்க. அந்தக் காய்ச்சலைப் பாத்துட்டு கொரோனான்னு ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேத்துட்டா, உங்க யாரையும் உள்ள விடமாட்டாங்க. அங்கயே ஏதாவது ஆயிட்டா மொகத்தைக்கூடக் காட்ட மாட்டாங்க." அவ்வளவு மாதமும் நாங்கள் ஊசியைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தோம், அவர் பயந்தது தனியாகக் கிடப்பதற்கு. அந்த வருடம் அப்படிப் போனவர்களை எல்லோரும் பார்த்திருந்தோம், அதை அசட்டுப் பயம் என்று யார் சொல்ல முடியும்?

இதற்கு அறிவியல் பதில் கொஞ்சம், வீட்டு ஏற்பாடு நிறைய தேவைப்பட்டது. அறிவியல் பதில் இது: ஊசியால் வரும் காய்ச்சல் பெரும்பாலும் முதல் நாளே வந்து ஒன்றிரண்டு நாளில் போய்விடும், கூடவே உடம்புவலி, தலைவலி, குளிர், அசதி இருக்கும். இருமல், மூக்கொழுகல், வாசனை தெரியாமல் போவது ஊசியால் வராது. அவை இருந்தால், அல்லது காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால், அப்போது பரிசோதனை செய்யலாம். ஊசி போட்டதால் மட்டும் ஆர்டிபிசிஆர் சோதனை பாசிட்டிவ் ஆகாது என்பதையும் சொன்னேன், அது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வீட்டு ஏற்பாடு: அன்று ராத்திரி நான் அவர் அறையில்தான் படுப்பேன், வெறும் காய்ச்சலுக்காக எங்கேயும் கூட்டிப் போகமாட்டோம், மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் மட்டும்தான் கிளம்புவோம், அப்படிக் கிளம்பினால் யார் கூட வருவார்கள், எந்த மருத்துவரைக் கூப்பிடுவோம் என்று எல்லாவற்றையும் அவர் எதிரிலேயே பேசி முடித்தோம். ஒரு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, எந்தப் புடவை கட்டினால் தோளைக் காட்ட வசதி என்று கேட்டார். தளர்ந்த கை வைத்த ரவிக்கை போடச் சொன்னேன். இது அற்பமாகத் தெரியலாம், ஆனால் மையத்தில் மறைப்பு இல்லாத இடத்தில் இறுக்கமான கையை மேலே ஏற்ற முடியாமல் பெண்கள் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன். தோளின் மேல்பகுதித் தசைதான் வேண்டும், ரொம்ப மேலே போனால் மூட்டுக்குள் இறங்கி நாள்பட்ட வலி வரலாம், அதனால் அந்த இடம் முழுதாகத் தெரியும்படி உடுத்திக்கொண்டு போவது நம் பொறுப்பு.

நாத்தனார் கதையில் தப்பு அவள் பக்கம் இல்லை, தகவல் பக்கம். ஆரம்பகட்டப் பரிசோதனைகளில் கர்ப்பிணிகளையும் பாலூட்டுகிறவர்களையும் சேர்க்கவில்லை, அதனால் முதல் மாதங்களில் பல இடங்களில் "தரவு இல்லை" என்ற பதில்தான் கிடைத்தது. ஒருவர் வேண்டாம் என்பார், இன்னொருவர் தாராளமாக என்பார். தரவு இல்லை என்பதை அவள் ஆபத்து என்று எடுத்துக்கொண்டாள், யாராக இருந்தாலும் அப்படித்தானே எடுப்போம். பாலூட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதைக் காட்டினேன், இந்த ஊசிகளில் பெருகக்கூடிய வைரஸ் எதுவும் இல்லை, பால் வழியாகக் குழந்தைக்குத் தொற்ற ஒன்றுமே இல்லை என்பதையும். அவள் போட்டுக்கொண்டாள். ஆனால் உண்மையான கஷ்டம் அன்று ராத்திரிதான் வந்தது. 102 காய்ச்சல், கையைத் தூக்க முடியவில்லை, குழந்தை அழுகிறது. குழந்தையைத் தூக்கும் கையில் போடாமல் மற்றக் கையில் போடச் சொல்லுங்கள், அன்றைக்கும் மறுநாளைக்கும் குழந்தையைத் தூக்கிக் கொடுக்க ஓர் ஆள் இருக்கட்டும். மருத்துவ விஷயம் பேசுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை.

அதே காரணத்தால் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்பேன். ஒரே தடவையில் ஸ்லாட் கிடைத்தது, போய் முடித்துவிட்டு வந்துவிடலாம் என்று ஆசையாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டில் அப்படிப் போய்விட்டு வந்து அத்தனை பேரும் போர்வைக்குள் கிடந்தார்கள், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. ஆஸ்ட்ராஜெனிகாவில் முதல் டோஸும் எம்ஆர்என்ஏவில் இரண்டாவது டோஸும்தான் பொதுவாக ஆளைச் சாய்க்கும், அதைக் கணக்கில் வைத்து லீவு சொல்லலாம். எனக்கும் முதல் டோஸ் அன்று ராத்திரி பற்கள் அடித்துக்கொள்ளும் அளவு குளிர், மறுநாள் சாயங்காலம் சரியாகிவிட்டது. பாராசிட்டமாலை முன்கூட்டியே போட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை, காய்ச்சலோ வலியோ வந்த பிறகு போட்டால் போதும் என்பதுதான் அன்றைக்குச் சொல்லப்பட்ட அறிவுரை. கையை அசைக்காமல் வைத்துக்கொண்டால் வலி கூடுகிறது, மெதுவாக ஆட்டிக்கொண்டே இருங்கள், ஈரத்துணியும் வைக்கலாம்.

இதில் மனசின் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. கோவிட் ஊசிப் பரிசோதனைகளில் மருந்தே இல்லாத போலி ஊசி போட்டவர்களிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் முதல் டோஸுக்குப் பிறகு தலைவலி, அசதி என்று சொல்லியிருக்கிறார்கள் என 2022-இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தேன். எனக்குக் குளிர் வந்தது போலி இல்லை, தெர்மாமீட்டர் சாட்சி. ஆனாலும் ஊசிக்கு முந்தின நாள் குடும்பக் குழுவில் வரும் ஒவ்வொரு பயங்கரக் கதையையும் வாசித்துக்கொண்டு போகவேண்டாம் என்பதற்கு இது போதும்.

உண்மையான அரிய ஆபத்துகளை மறைக்கவும் வேண்டாம். 2021 மார்ச்சில் ஐரோப்பாவில் பல நாடுகள் ஆஸ்ட்ராஜெனிகாவை நிறுத்தி வைத்தன, ஏப்ரல் 7 அன்று ஐரோப்பிய மருந்து முகமை, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்து அசாதாரண இடங்களில் ரத்தம் உறைவதை மிக அரிய பக்கவிளைவாகச் சேர்த்தது. டென்மார்க் அந்த ஊசியையே கைவிட்டது. அந்தச் செய்தி வந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டில் பாதிப் பேர் ஊசி போட்டிருந்தோம். அதெல்லாம் வதந்தி என்று அன்று பலர் சொன்னார்கள், வதந்தி இல்லை. மிக அரிது, ஆனால் உண்மை. நான் செய்தது, கவனிக்க வேண்டியவற்றை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியது: ஊசி போட்டு நாலாவது நாளிலிருந்து சுமார் ஒரு மாதத்துக்குள் புதிதாகத் தொடங்கி விடாமல் இருக்கும் கடும் தலைவலி, பார்வை மங்கல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கால் வீக்கம், விடாத வயிற்றுவலி, ஊசி போட்ட இடத்தைத் தாண்டி தோலில் சிவப்புப் புள்ளிகள் அல்லது கன்றல். இவற்றில் எதுவும் வந்தால் ஊசி போட்ட தேதியைச் சொல்லி உடனே மருத்துவமனை. முதல் இரண்டு நாளில் வந்துபோகும் தலைவலி இந்தக் கணக்கில் வராது. அந்தக் காகிதம் ஒட்டிய பிறகு வீட்டில் பதற்றம் குறைந்தது, ஏனென்றால் எதற்குப் பதறவேண்டும் என்று எல்லை தெரிந்துவிட்டது. எம்ஆர்என்ஏவில் இதே மாதிரி, பெரும்பாலும் இளவயது ஆண்களுக்கு, இரண்டாவது டோஸுக்குப் பிறகு சில நாளில் இதயத்தசை அழற்சி அரிதாக வந்தது. அவர்கள் நெஞ்சுவலி, படபடப்பு என்றால் சும்மா இருக்கக் கூடாது.

அக்காவுக்கு வந்தது வேறு. ஊசி போட்ட பக்கத்து அக்குளில் நெல்லிக்காய் அளவு கட்டி. குடும்பத்தில் மார்பகப் புற்று இருந்ததால் போனில் அழுதாள். எம்ஆர்என்ஏ ஊசிக்குப் பிறகு அந்தப் பக்கத்து நிணநீர்முடிச்சு வீங்குவது தெரிந்த விஷயம், எதிர்ப்புசக்தி அங்கேதான் வேலை செய்கிறது, பெரும்பாலும் தானே வடிந்துவிடும் என்று அவள் மருத்துவர் சொன்னார். வடிந்தும் விட்டது. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப் போகிறவர்கள் எந்தக் கையில், என்றைக்கு ஊசி போட்டார்கள் என்று கட்டாயம் சொல்லவேண்டும், இல்லையென்றால் வீணாக பயாப்ஸி (சதையைக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது) வரைக்கும் போகும். வீக்கம் வாரக்கணக்கில் குறையாமலே இருந்தால் காட்டிவிட வேண்டும்.

டோஸ் இடைவெளி மாறிக்கொண்டே இருந்ததுதான் பலரின் நம்பிக்கையைக் கெடுத்தது. இந்தியாவில் ஆஸ்ட்ராஜெனிகாவுக்கு முதலில் 4-6 வாரம் என்றார்கள், பிறகு 6-8, பிறகு 12-16. ஊசி தட்டுப்பாட்டுக்காக மாற்றுகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள், அதிலும் உண்மை இல்லாமல் இல்லை, இங்கிலாந்து 12 வாரம் வரை தள்ளிப்போட்டதே முதல் டோஸை அதிகம் பேருக்குக் கொடுப்பதற்காகத்தான். ஆனால் ஆஸ்ட்ராஜெனிகாவில் இடைவெளி கூடினால் பாதுகாப்பும் கூடியதைப் பரிசோதனைத் தரவுகள் காட்டின. தேதி தள்ளிப்போய்விட்டதே, முதலிலிருந்து தொடங்க வேண்டுமா என்று இன்றும் கேட்கிறார்கள். வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும்.

காத்திருப்பு விஷயத்தில் ஒரு சின்னத் தகவல். எங்களுக்குப் போட்ட ஊசியில் ஒரு குப்பியில் 10 பேருக்கான மருந்து இருந்தது, திறந்தால் 6 மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டியிருந்தது. அதனால்தான் பத்துப் பேர் சேரும்வரை உட்கார வைத்தார்கள். அது தெரியாமல் மக்கள் ஊழியர்களோடு சண்டை போடுவார்கள். மூடும் நேரத்தில் திறந்த குப்பியில் மிச்சம் இருந்தால் வீணாக்குவதை விட யாருக்காவது போடவே பார்ப்பார்கள், என் ஸ்லாட் அப்படிக் கிடைத்ததுதான்.

போட்டதும் கவசம் வந்துவிட்டது என்று நினைத்து அன்றைக்கே கல்யாணத்துக்குப் போனவர்களும் உண்டு. உடம்பு பதில் தயாரிக்க இரண்டு வாரமாவது வேண்டும், முழுப் பாதுகாப்பு இரண்டாவது டோஸுக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் கணக்கு. அந்த இடைவெளியில், ஊசி வரிசையிலேயே கூட, தொற்றிக்கொண்டவர்கள் ஊசியால்தான் கொரோனா வந்தது என்று நம்பிவிட்டார்கள். முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டு என் காதருகே இருமிய அந்த மாமாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கடைசியாகச் சான்றிதழ். ஊசி போட்ட அன்று பெயரில் ஓர் எழுத்து மாறிப் பதிவானால் அங்கேயே திருத்துவது சுலபம், பிறகு பாடு. வீட்டுக்காரருக்கு அப்பா பெயர் முன்னால், தன் பெயர் பின்னால் என்று பதிவாகி, பாஸ்போர்ட்டோடு பொருந்தாமல், பயணத்துக்கு முந்தின வாரம் வரை இழுத்தது. பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கூட்டிச் சொல்லி, திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். ஒரே போன் நம்பரில் நாலு பேரைப் பதிந்தால் எந்த ஓடிபி யாருடையது என்று குழப்பம் வரும், ஒவ்வொருவரின் பதிவு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஊசியின் பெயர், தொகுதி எண், தேதி, எந்தக் கை என்பதையும் அதிலேயே எழுதுங்கள். எங்கள் வீட்டு நோட்டில் இப்போது ஃப்ளூ ஊசியும் டெட்டனஸும் சேர்ந்துவிட்டன. அத்தைதான் அதை வாங்கி வைத்துக்கொண்டு யாருக்கு எப்போது அடுத்தது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.